பாம்பு காத்த மிளகும் கழுதை சுமந்த மிளகும்



மிளகு விளையும் காட்டைப் பாம்புகள் காவல் காக்கின்றன. காய் முற்றியதும் அந்நாட்டு மக்கள் காட்டுக்குத் தீ மூட்டுகிறார்கள். பாம்புகள் வெருண்டு ஓடுகின்றன. இயல்பில் வெள்ளையான மிளகு அந்தத் தீயில் கருகிக் கறுத்துப்போகிறது. இடைக்கால ஐரோப்பாவில் படித்தவர்களே இப்படி நம்பினார்கள். ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் பேராயராக இருந்து 636இல் மறைந்த இசிதோர், தாம் தொகுத்த கலைக்களஞ்சியத்தில் இதை எழுதிவைத்தார். கிழக்கே இருந்த கிறித்தவ மன்னர் ஒருவர் எழுதியதாகச் சொல்லி 12ஆம் நூற்றாண்டில் உலவிய பிரெஸ்டர் ஜான் கடிதத்திலும் இது உண்டு. 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் துறவி பார்த்தலோமியு எழுதிய கலைக்களஞ்சியத்திலும் உண்டு. எழுநூறு ஆண்டுகள் உயிரோடிருந்த கதை இது. அறியாமை என்று சொல்லி இதைக் கடந்துபோவதுதான் வழக்கம். அந்த விளக்கம் போதாது என்பது என் கருத்து. மிளகைப் பற்றி ஐரோப்பா சொல்லிவந்த கதைகள் எல்லாவற்றிலும் ஒரே இடம் காலியாகக் கிடக்கிறது. பயிரிட்டவர், காயவைத்தவர், சுமந்தவர், சுங்கம் தண்டியவர் என்று எவரும் அவற்றில் இல்லை. விலையைப் பாம்பின் தலையில் கட்டிவிட்டால் பாதையைப் பற்றிப் பேச வேண்டிய தேவை எழுவதில்லை. அந்தப் பாதைக்கான சான்றுகள் தமிழில் இருக்கின்றன. அவற்றுள் சில இந்த ஓசூர் வட்டாரத்துக் கற்களில் இருக்கின்றன. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து உதிரிபாகம் செய்வதும் லாரி கட்டுவதும் ஓசூரின் தொழில். ஒரு பொருளின் விலையில் செய்கூலி எவ்வளவு, ஏற்றுகூலி எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு, எல்லையில் காத்துக்கிடந்த நேரத்துக்கு ஆன நட்டம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். அந்தக் கணக்கை மிளகுக்கும் போட்டுப் பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கம்.

இசிதோரின் பத்தியை முழுதாகப் படிக்க வேண்டும். பாம்பையும் தீயையும் எடுத்துக்காட்டியதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் முக்கியமான ஒன்றை விட்டுவிடுகிறார்கள். மிளகு கறுத்த கதையைச் சொன்ன கையோடு அவர் வாங்குகிறவர்களை எச்சரிக்கிறார். எடை குறைந்த மிளகு பழையது, கனத்த மிளகு புதியது. ஆனால் கனத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. வியாபாரிகள் நாட்பட்ட மிளகை நனைத்து, அதன்மேல் ஈயத்தையோ வெள்ளி உருக்குகையில் மிதக்கும் கசடையோ தூவி எடையை ஏற்றிவிடுவார்கள். இது புனைவு இல்லை, சந்தையில் ஏமாந்து ஏமாந்து கற்ற பாடம். மிளகில் கலந்த பப்பாளி விதையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கண்டுபிடிக்கிறார்களே நம் வீட்டுப் பெண்கள், அதே வகை அறிவு. இசிதோருக்கு ஐந்தரை நூற்றாண்டுக்கு முன் ரோமில் எழுதிய பிளினியிடமும் இதே பிளவைப் பார்க்கலாம். ஒரு பவுண்டு கருமிளகு 4 தினாரி, வெண்மிளகு 7, திப்பிலி 15 என்று அவருக்கு விலை துல்லியமாகத் தெரியும். எதையெதைக் கலப்படம் செய்கிறார்கள் என்பதும் தெரியும். செடியைப் பற்றி எழுதும்போது மட்டும் ஜூனிபரைப் போன்ற மரம் என்கிறார். காக்கசஸ் மலையின் வெயில்பட்ட சரிவில் அது வளர்வதாகச் சிலர் சொல்வதையும் குறிக்கிறார். ஆக, பணம் கைமாறும் இடம்வரைக்கும் இவர்களின் அறிவு கூர்மையாகத்தான் இருந்திருக்கிறது. அலெக்சாந்திரியாவின் கிடங்குக்கு அப்பால் விசாரிக்க அவர்களுக்குத் தேவை ஏற்படவில்லை.

தேவை ஏற்படாத இடத்தைக் கதை நிரப்பியது. 3ஆம் நூற்றாண்டில் அப்பொல்லோனியஸ் என்ற தத்துவஞானியின் வாழ்க்கையைக் கிரேக்க மொழியில் எழுதிய பிலோஸ்திராத்தோஸ், மிளகைக் குரங்குகள் பறித்துக் குவிப்பதாகவும் மனிதர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவதாகவும் எழுதினார். குரங்கு பறிக்கிறது, பாம்பு காக்கிறது, தீ பதப்படுத்துகிறது. மனிதர் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் கதையில் ஒரு மாற்று ஆள் கிடைத்துவிடுகிறது. உண்மையான வேலை என்ன? மிளகு கொடி, பலா, கமுகு, கல்யாண முருங்கை என்று ஏதாவது ஒரு தாங்குமரத்தில் அதை ஏற்றிவிட வேண்டும். காய்ப்புக்கு வர மூன்று ஆண்டுகளாவது ஆகும். சரத்தில் ஓரிரு மணி சிவந்து மற்றவை பச்சையாக இருக்கும்போதே ஏணி சாத்தி ஏறிச் சரம் சரமாகக் கிள்ள வேண்டும். முந்தினால் மணி திரண்டிருக்காது. பிந்தினால் உதிர்ந்துவிடும், பறவையும் கொத்திவிடும். கிள்ளிய சரத்தைக் காலால் மிதித்தோ கையால் தேய்த்தோ மணியை உதிர்த்து, பாயிலோ களத்திலோ பரப்பி, நாலைந்து நாள் கிளறிக் கிளறிக் காயவைக்க வேண்டும். பச்சைத் தோலில் உள்ள நொதி காற்றோடு சேர்ந்து அதைக் கறுக்க வைக்கிறது. வெயில் அதைச் சுருக்குகிறது. 100 கிலோ பச்சை மிளகைக் காயவைத்தால் ஏறக்குறைய 33 கிலோதான் தேறும். பழுத்துச் சிவந்த மணியை ஒரு வாரத்துக்குமேல் நீரில் ஊறப்போட்டுத் தோலைக் கசக்கி நீக்கினால் அது வெண்மிளகு. மிளகு எப்படிக் கறுத்தது என்று இசிதோர் கேட்டது சரியான கேள்வி. அதற்கு விடை களத்து வெயிலிலும் கிளறிவிட்டவரின் கூலியிலும் இருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். கதையைக் கட்டியவர்கள் அரபு வணிகர்கள், விளையும் இடத்தை மறைக்கவும் விலையைத் தூக்கிப் பிடிக்கவும் அப்படிப் பரப்பினார்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, காலக்கணக்கு இடிக்கிறது. இசிதோர் மறைந்து முக்கால் நூற்றாண்டு கழித்து, 711இல்தான் அரபுப் படை ஸ்பெயினில் இறங்கியது. காக்கசஸ் மலையும் ஜூனிபர் உவமையும் பிளினி காலத்து லத்தீன் மரபிலிருந்தே அவருக்கு வந்தவை. மிளகு வாங்கி விற்றவர்களின் சொந்த எழுத்துகளைப் புரட்டினால் இன்னும் தெளிவு கிடைக்கிறது. கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூடத்தில் கிடைத்த கெனிசா ஆவணங்களில், 1132 முதல் 1149 வரை பெரும்பாலும் மங்களூரில் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜூ என்பவரின் கடிதங்கள் உள்ளன. அவற்றில் எடை, விலை, கடன் பாக்கி, மூழ்கிய கப்பல், அனுப்பியதில் சேர்ந்தது எவ்வளவு என்பதுதான் பேச்சு. 1340களில் மலபாருக்கு வந்த மொராக்கோப் பயணி இபின் பதூதா, மிளகுக் கொடி திராட்சைக் கொடியைப் போல இருப்பதாகவும், தம் நாட்டார் நினைப்பதுபோல அது தீயில் வறுபட்டுச் சுருங்குவதில்லை, வெயிலில் காய்ந்தே சுருங்குகிறது என்றும் எழுதினார். தம் ஊரில் சோளத்தை அளப்பதைப் போலக் கோழிக்கோட்டில் மிளகை மரக்காலில் அளந்து கொட்டுவதைப் பார்த்து அவர் வியந்தார். செங் ஹோவின் கப்பற்படையோடு 15ஆம் நூற்றாண்டில் வந்த சீனர் மா ஹுவான், கொச்சியில் மிளகைத் திரட்டிக் கிடங்கில் வைத்து அயல்நாட்டு வணிகருக்காகக் காத்திருப்பவர்களைப் பற்றியும், பாரம் என்ன எடை, என்ன விலை என்பது பற்றியும் எழுதினார். பக்கத்தில் வந்து வாங்கியவர்களின் எழுத்தில் தராசும் கிடங்கும் தென்படுகின்றன, பாம்பு தென்படவில்லை.

அப்படியானால் ஐரோப்பியருக்கு உண்மை எட்டவே இல்லை என்று சொல்லலாமா? அதுவும் முடியாது. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் காஸ்மாஸ், மிளகு உயர்ந்த மரங்களைச் சுற்றிப் படரும் மெல்லிய கொடி என்று கிரேக்கத்தில் எழுதிவிட்டார். 12ஆம் நூற்றாண்டில் துதேலா ஊர் பென்யமின் கொல்லத்து மிளகைப் பற்றி எழுதுகையில், வெந்நீர் ஊற்றி வெயிலில் காயவைப்பதால் அது கறுக்கிறது என்றார். வெந்நீரில் முக்கிக் காயவைக்கும் முறை இன்றைக்கும் உண்டு. கிரேக்கமும் எபிரேயமும் மேற்கு ஐரோப்பியர் எல்லாருக்கும் எட்டியிருக்காது என்று விட்டுவிடலாம். ஆனால் 1329இல் போப்பாண்டவரால் கொல்லத்தின் ஆயராக நியமிக்கப்பட்ட ஜோர்தானுஸ் லத்தீனில்தான் எழுதினார். மிளகுக் கொடி மரத்தில் ஏறுவதைச் சொல்லி, தீக் கதையை மறுத்தார். 1340களின் இறுதியில் கொல்லத்தில் தங்கிய போப்பாண்டவரின் தூதர் மரிஞோலி, மிளகு காட்டில் விளைவதில்லை, தோட்டத்தில் விளைகிறது, தோட்டத்துக்கு உடைமையாளர்கள் இருக்கிறார்கள் என்று எழுதினார். இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது, அதே நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் படி எடுத்துப் படிக்கப்பட்ட மாண்டவில் பயணநூல். தீ வைத்தால் மிளகே எரிந்துபோகுமே என்று அந்நூல் கேட்கிறது. சரியான வாதம். அடுத்த வரியில் பாம்பை விட்டுவிட்டதா? இல்லை. பாம்புக்கு ஒவ்வாத ஒரு சாற்றைக் கைகால்களில் பூசிக்கொண்டு மக்கள் காட்டுக்குள் போவதாகச் சொல்கிறது. ஓட்டை தெரிந்த இடத்தை அடைத்துக் கதையைக் காப்பாற்றுகிறார்கள். தகவல் இல்லாததால் மட்டும் ஒரு கதை நிலைத்தால் தகவல் வந்ததும் அது போயிருக்க வேண்டும். இந்தக் கதை போகவில்லை. ஏனென்றால் அது ஒரு கேள்விக்கு வசதியான விடையாக இருந்தது: கையளவு உலர்ந்த மணிக்கு ஏன் இவ்வளவு விலை?

அந்தக் கேள்விக்குத் தமிழில் வேறொரு விடை இருக்கிறது, இசிதோருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் மிளகுப் பொதி சுமந்து செல்லும் கழுதைச் சாத்தைக் காட்டுகிறார். மரத்தின் அடியில் காய்த்த பருத்த பலாப்பழம் போல இருபுறமும் சமனாகத் தொங்கும் பொதிகள், தூக்கிய காதுகள், சுமந்து சுமந்து தழும்பேறிய முதுகு. அவை நடக்கும் வழி சுங்கம் தண்டும் பெருவழி, வில்லேந்திய காவலர் நிற்கும் வழி. இது கவிதை, சுங்கப் பதிவேடு இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மன்னனின் வள்ளன்மையைப் பாடவந்த புலவருக்குக் கழுதையின் முதுகுத் தழும்பு தேவையே இல்லை. எல்லாரும் அன்றாடம் பார்க்கிற காட்சியாக இருந்ததால்தான் அது பாட்டுக்குள் வந்திருக்கிறது. சுமை, காவல், சுங்கம் என்று மிளகின் விலையில் ஏறும் மூன்று செலவுகளும் அந்தச் சில அடிகளில் வந்துவிடுகின்றன.

பாட்டுக்குப் பிறகு கல்லைப் பார்ப்போம். தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவற்றாவளம் என்னும் வணிகத் தங்கலுக்கு 29 காதம் என்று சொல்கிறது. எழுத்தாலும் எண்ணாலும் எழுதியதோடு, பெரிய குழிகளாகவும் சிறிய குழிகளாகவும் அதே எண்ணைக் கல்லில் குடைந்திருக்கிறார்கள். எழுதப்படிக்கத் தெரியாத பொதிகாரர் விரலால் தடவியே தூரத்தை அறிந்துகொள்ளலாம். சேலம் மாவட்டத்து ஆறகளூரில் காஞ்சிபுரத்துக்கு 16 காதம் என்று குறித்து 16 குழிகள் வெட்டிய கல்லும் இதே வகை. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூரில் இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இருக்கிறது. இந்தக் கற்களில் மிளகு என்ற பேச்சே கிடையாது. எந்தப் பொருளின் பெயரும் கிடையாது. சரக்கின் பெயர்களுக்கு வணிகக் குழுக்களின் கல்வெட்டுகளைப் பார்க்க வேண்டும். கர்நாடகத்து ஐகொளையைத் தலைமையிடமாகச் சொல்லிக்கொண்ட ஐந்நூற்றுவர், கன்னட நாட்டிலும் தமிழ் நாட்டிலும் இலங்கையிலும் கல்வெட்டு வைத்தவர்கள். 1088இல் சுமாத்திராவின் பாரூசிலும் தமிழில் வைத்தார்கள். இன்று தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் எல்லையாக இருக்கும் கோடு அவர்களுக்கு எல்லையே இல்லை. பிரான்மலையில் அவர்கள் பொறித்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் உப்பு, நெல், பாக்கு, சுக்கு, மிளகு என்று பொதிவாரியாகக் கோயிலுக்கு எடுத்துவைக்க வேண்டிய தொகை வரிசையாக வருகிறது. பொதிக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்தவர்கள் பாம்பைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? ஓசூரை அடுத்த ஜூஜுவாடி எல்லைச் சோதனைச்சாவடியில் 2017 சூலை 1ஆம் தேதி சரக்கு சேவை வரி வரும்வரை வரிசைகட்டி நின்ற லாரி ஓட்டுநர்களுக்கு இந்தக் கல்வெட்டின் பொருள் உரையாசிரியர் இல்லாமலே விளங்கும்.

கோழிக்கோட்டிலிருந்து ஏடன், ஜித்தா, கெய்ரோ, அலெக்சாந்திரியா, வெனிஸ் என்று மிளகு கைமாறியபோது இதே கணக்குதான் பெருகிக்கொண்டே போனது. 1420களின் இறுதியில் எகிப்தின் சுல்தான் பர்ஸ்பாய் மிளகு வணிகத்தை அரசின் தனியுரிமையாக்கினார். வெனிஸ் வணிகர்கள் அவர் சொன்ன விலைக்கு வாங்க நேர்ந்தது. அவர்கள் பட்ட பாட்டை விளக்கப் பாம்பு தேவைப்படவில்லை; ஓர் அரசாணை போதுமாக இருந்தது.

மிளகு கடல்வழி போன பொருள், உள்நாட்டு மேட்டுநிலமான இந்த வட்டாரத்துக்கு அதில் என்ன பங்கு என்று கேட்கலாம். ஐரோப்பாவிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். கடற்கரையில் கப்பலேறிய மிளகைத்தான் அவர்களால் பார்க்க முடிந்தது. மலைநாட்டுக்குக் கிழக்கே இருந்த ஊர்களும் தினமும் மிளகு தின்றன. மிளகாய் அமெரிக்காவிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் வரும்வரை நம் சமையலில் காரத்துக்கு முதன்மையாக இருந்தது மிளகுதான். மருந்துக்குத் திரிகடுகத்தில் அது ஒன்று. அதெல்லாம் கழுதையிலும் பொதிமாட்டிலும்தான் வந்தாக வேண்டும். 1800இல் மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், மேற்கே மலைநாட்டுப் பாக்கும் மிளகும் சந்தனமும் பெங்களூர் வந்து கீழ்நாட்டுக்கு இறங்குவதையும், கீழ்நாட்டிலிருந்து கடற்கரைச் சரக்கு மேலே ஏறுவதையும் பதிவு செய்தார். மேட்டுநிலத்துக்கும் கீழ்நாட்டுக்கும் நடுவே இருக்கும் மலைச்சரிவு நாம் இருக்கும் இந்தப் பகுதி.

பாம்புக் கதை மறைந்த பிறகு அதன் இடத்துக்கு வந்த கதை இன்றும் பாடநூல்களில் உலவுகிறது. இடைக்கால ஐரோப்பியர் கெட்டுப்போன இறைச்சியின் நாற்றத்தை மறைக்கவே மிளகு வாங்கினார்கள், அதற்காகவே வாஸ்கோ ட காமா கடலேறி வந்தார் என்பது அந்தக் கதை. இதைப் பெரிதாகப் பரப்பியது 1939இல் டிரம்மண்டும் வில்பிரஹாமும் எழுதிய 'ஆங்கிலேயரின் உணவு' என்ற நூல். 2008இல் வெளிவந்த நூலொன்றில் வரலாற்றாசிரியர் பால் ஃப்ரீட்மன் இதை விரிவாக மறுத்திருக்கிறார். வேறு பலரும் மறுத்திருக்கிறார்கள். வாதம் எளிது. 15ஆம் நூற்றாண்டு லண்டனில் ஒரு பவுண்டு மிளகுக்குக் கைத்தொழிலாளி ஒருவரின் இரண்டு நாள் கூலிக்குமேல் ஆனது. அவ்வளவு கொடுத்து மிளகு வாங்க வசதி உள்ளவருக்கு நல்ல இறைச்சி வாங்குவது பெரிய காரியமா? கெட்ட இறைச்சி விற்றவரைத் தண்டிக்க நகரங்களில் சட்டம் இருந்தது. இறைச்சி கெடாமலிருக்க உப்பும் புகையும் கைவசம் இருந்தன, மிளகைவிட எவ்வளவோ மலிவாக. நறுமணப் பொருள்கள் கிருமியைக் கொல்லும் என்று 1998இல் பில்லிங்கும் ஷெர்மனும் வெளியிட்ட ஆய்வைச் சிலர் இதற்குத் துணைக்கு அழைப்பார்கள். அந்த ஆய்வின் பட்டியலிலேயே மிளகு கடைசி வரிசையில்தான் நிற்கிறது. பூண்டும் வெங்காயமும் முன்னே நிற்கின்றன. உடலின் சூடு குளிர்ச்சியைச் சமன்செய்யும் மருந்து என்றும், சுவைக்காகவும், விருந்தில் தம் நிலையைக் காட்டவும்தான் அவர்கள் மிளகை விரும்பினார்கள். இந்த இரண்டாவது கதை முதல் கதையைத் தலைகீழாக்கியது. அங்கே இந்தியா விந்தைக் காடு, இங்கே ஐரோப்பா அழுகல் சமையலறை. மிளகை விளைவித்தவரும் சுமந்தவரும் இரண்டிலும் இல்லை.

மூன்றாவது கதை ஒன்று உண்டு. அதை நாம் சொல்கிறோம். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போனார்கள் என்று அகநானூற்றின் 149ஆம் பாட்டை மேடைதோறும் காட்டுகிறோம். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் கொண்டுபோகிறது என்று பிளினி புலம்பியதையும் சேர்த்துக்கொள்கிறோம். இரண்டும் மெய்யான சான்றுகள்தாம். எகிப்தின் பெரெனிகே துறைமுகக் கோயிலில் தரையில் புதைந்த இந்தியச் சாடியில் 7.5 கிலோ மிளகு கிடைத்ததும் மெய். ஆனால் மேற்கிலிருந்து வந்தவர் கொடுத்த பொன்னால் மட்டுமே மிளகுக்குப் பெருமை என்று எண்ணும்போது, நம் வரலாற்றையும் ஐரோப்பாவின் சாப்பாட்டு மேசையிலிருந்தே எழுதிவிடுகிறோம். மார்க்கோ போலோ வெனிஸ்காரர். அவரே, கிறித்தவ நாடுகளுக்காக அலெக்சாந்திரியா போகும் மிளகுக் கப்பல் ஒன்று என்றால் சீனத்துச் சைத்தூன் துறைமுகத்துக்கு நூறு கப்பல் வருகிறது என்று எழுதினார். எண்ணிக்கை மிகையாகவே இருக்கட்டும். வணிகத்தின் திசையை அவர் தவறாகச் சொல்லவில்லை. அந்தச் சைத்தூன் இன்றைய சுவான்சௌ. அங்கே 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நம்மவர் அங்கே கோயில் எழுப்பும் அளவுக்குக் குடியேறியிருந்தார்கள். அவர்களைப் பற்றி நம் பள்ளிப் பாடத்தில் யவனக் கப்பலுக்குக் கிடைக்கும் இடத்தில் பாதியாவது கிடைக்க வேண்டும்.

இந்த வட்டாரத்து ஆய்வு மாணவர்கள் தொடங்குவதற்குப் பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தவற்றில் மலபாரும் இருந்தது, கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகாலும் இருந்தது. மிளகையும் சந்தனத்தையும் ஏலத்தையும் அரசுத் தனியுரிமையாக வைத்திருந்தவர் திப்பு. விளையும் கரையும், கீழே இறங்கும் வழியும் ஒரே கையெழுத்தில் கைமாறின. பாராமகாலை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் 1799வரை ஊர் ஊராக எழுதிச் சேர்த்த பதிவுகள் பிற்பாடு பாராமகால் ஆவணங்கள் என்று சென்னை அரசால் அச்சிடப்பட்டன. அவற்றில் வரிகளுக்கென்றே தனிப் பகுதி ஒன்று உண்டு. எந்தச் சாவடியில், எந்தச் சரக்கில், மாட்டுப்பொதிக்கு எவ்வளவு என்று அதிலிருந்து எடுத்து, பெருவழிக் கற்களும் வணிகக் குழுக் கல்வெட்டுகளும் காட்டும் ஊர்களோடு ஒரே வரைபடத்தில் குறிக்கலாம். அந்த வரைபடத்தை முதலில் வரைய வேண்டியவர்கள் இந்த மாவட்டத்துக் கல்லூரிகளின் மாணவர்கள்; கல்லைப் படிக்கத் தமிழும், சாவடிக்கு அப்பால் இருப்பதைப் படிக்கக் கன்னடமும் இரண்டுமே தெரிந்தவர்கள் அவர்களிடையே இருக்கிறார்கள்.